குடிபெயர்ந்த பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சித்திரக்கலைச் சிகிச்சை

பிறந்த மண்ணை விட்டு வேறொரு நாட்டில் குடியேறும் மக்கள் தம்முடன் எடுத்துச் செல்லக்கூடிய பொருள்கள் மிகச் சிலவே. வீடு, நிலம், உற்றார், பழகிய தொழில் ஆகிய யாவும் பின்னே நின்று விடுகின்றன. இவ்விழப்புகளை எவரும் எளிதில் கணக்கிட்டு விடலாம். ஆனால் கணக்கில் சேராத இழப்பு ஒன்று உண்டு. அது மொழியின் இழப்பு. தாய்மொழியில் சாதுரியமாகப் பேசி வந்த ஒரு பெண், புதிய நாட்டின் கடைத்தெருவிலும், மருத்துவமனையிலும், பள்ளிக்கூடத்து வாயிலிலும் ஊமை போல் நிற்க நேரிடுகிறது. துயரம் மிகுதியாக இருக்கும் காலத்தில்தான் அதைச் சொல்லும் வாயும் அடைபட்டுப் போகிறது.

ஐக்கிய நாடுகள் சபையின் அகதிகள் அலுவலகம் வெளியிட்ட கணக்கின்படி, 2024-ஆம் ஆண்டின் இறுதியில் யுத்தத்தாலும் கொடுமையாலும் இருப்பிடத்தை விட்டுத் துரத்தப்பட்டவர்களின் தொகை 12 கோடியே 32 லட்சம். இவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பேர் 18 வயது நிரம்பாதவர்கள். பிழைப்பைத் தேடியும் குடும்பத்தைப் பின்தொடர்ந்தும் தாமாகவே நாடு மாறியவர்கள் இத்தொகையில் அடங்கார். இம்மக்களின் மனத்துயரைத் தணிக்க மேற்கொள்ளப்படும் உபாயங்களுள் ஒன்று சித்திரக்கலைச் சிகிச்சை. அது தோன்றிய வரலாறு, செயற்படும் முறை, அதன் பயன், அதன் எல்லை ஆகியவற்றை இக்கட்டுரையில் முறையாகக் காண்போம்.

பெண்களும் குழந்தைகளும் தனியே கருதப்படுவது ஏன்?

குடிபெயர்ந்த குடும்பத்தில் ஆடவர் பெரும்பாலும் முதலில் வேலைக்குச் செல்கின்றனர். வேலை எவ்வளவு கடினமாயினும், அது புதிய மனிதர்களையும் புதிய சொற்களையும் அறிமுகம் செய்து வைக்கிறது. குழந்தைகள் பள்ளிக்குச் சென்று விரைவில் மொழியைக் கற்றுக் கொள்கின்றனர். வீட்டில் தங்கிவிடும் தாய்க்கோ அவ்வாய்ப்பு கிட்டுவதில்லை. நாளடைவில் குடும்பத்திலேயே அவள் மட்டும் தனித்து நிற்கிறாள்.

இதன் விளைவாகக் குழந்தை தாயின் மொழிபெயர்ப்பாளனாகி விடுகிறது. வைத்தியரிடம் தாயின் நோயைச் சொல்வதும், சர்க்கார் அலுவலகக் கடிதத்தைப் படித்துக் காட்டுவதும் பத்து வயதுச் சிறுவனின் கடமையாகின்றன. தன் வயதுக்கு மீறிய செய்திகளை அவன் கேட்கிறான். அவற்றில் சிலவற்றைத் தாயிடம் சொல்லாமல் மறைக்கவும் கற்றுக் கொள்கிறான். தாயும் தன் அச்சத்தைக் குழந்தை அறியலாகாது என்று மறைக்கிறாள். ஒரே அறையில் வாழும் இருவர் ஒருவருக்காக மற்றொருவர் மௌனம் காக்கின்றனர். இம்மௌனத்தைப் பலவந்தமாக உடைக்காமல், அதற்கு ஒரு வாயிலைத் திறந்து விடுவதே கலைச் சிகிச்சையின் நோக்கம் எனலாம்.

கலைச் சிகிச்சையின் தோற்றம்

சித்திரம் வரைவதால் மனம் ஆறுதல் பெறுகிறது என்பது புதிய செய்தியன்று. ஆயினும், அது பயிற்சி பெற்றோர் நடத்தும் சிகிச்சை முறையாக உருவானது 20-ஆம் நூற்றாண்டில்தான். பிரிட்டிஷ் ஓவியர் ஏட்ரியன் ஹில், 1938-ஆம் ஆண்டில் காசநோய்க்காக ஆரோக்கிய நிலையமொன்றில் தங்கியிருந்தபோது, படுக்கையில் இருந்தபடியே சித்திரம் வரைந்து பொழுதைக் கழித்தார். பின்னர் உடன் தங்கியிருந்த நோயாளிகளுக்கும், யுத்தத்தில் காயமுற்ற சிப்பாய்களுக்கும் அதனைக் கற்பித்தார். இம்முயற்சிக்கு அவர் 1942-இல் கலைச் சிகிச்சை என்று பெயரிட்டார். 1946-இல் எட்வர்ட் ஆடம்சன் என்பவர் இங்கிலாந்தின் நெதர்ன் மனநோய் மருத்துவமனையில் நோயாளிகளுக்கென ஓவியக்கூடம் ஒன்றை நடத்தத் தொடங்கினார். அமெரிக்காவில் மார்கரெட் நாம்பர்க் அம்மையார் இதே துறையில் முன்னோடியாக விளங்கினார். தொழில்முறைச் சங்கங்கள் பிரிட்டனில் 1964-இலும், அமெரிக்காவில் 1969-இலும் அமைந்தன.

ஓவிய வகுப்புக்கும் கலைச் சிகிச்சைக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே தெளிவுபடுத்தல் அவசியம். ஓவிய வகுப்பில் சித்திரம் நன்றாக அமைய வேண்டும் என்பது குறிக்கோள். கலைச் சிகிச்சையில் வரைபவரின் நலமே குறிக்கோள். கோடு கோணலாகப் போனாலும் அதைத் திருத்துவார் இல்லை, மதிப்பெண் இல்லை, பரிசும் இல்லை.

பிராக் நகரிலிருந்து நியூயார்க் வரை

குடிபெயர்ந்த குழந்தைகளுக்கும் இத்துறைக்கும் உள்ள தொடர்பு, துறையின் பிறப்பிலேயே அமைந்ததாகும். வியன்னாவில் 1898-இல் பிறந்த பிரீடில் டிக்கர் பிராண்டைஸ் என்னும் யூதப் பெண்மணி, ஜெர்மனியின் வைமார் நகரிலிருந்த பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பயின்றவர். அரசியல் காரணங்களால் 1934-இல் பிராக் நகரில் குடியேறிய அவர், தம்மைப் போலவே அங்கு வந்து சேர்ந்த அகதிகளின் குழந்தைகளுக்குச் சித்திரம் கற்பித்தார். அவ்வகுப்புகளில் அவருக்குத் துணை நின்ற இளம் மாணவியருள் ஒருவர் எடித் கிரேமர்.

1942 டிசம்பரில் பிரீடில் அம்மையாரும் அவர் கணவரும் தெரேசின் என்னும் ஊரில் நாஜிகள் அமைத்திருந்த யூதச் சிறைக்குடியிருப்புக்கு அனுப்பப்பட்டனர். எடுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்ட சிறு மூட்டையில் அவர் சித்திரம் வரைவதற்கான பொருள்களையும் வைத்துக் கொண்டார். பெற்றோரைப் பிரிந்து விடுதிகளில் அடைபட்டிருந்த குழந்தைகளுக்கு அங்கே இரகசியமாக வகுப்புகள் நடத்தினார். காகிதம் கிடைக்காத நிலையில், கழிக்கப்பட்ட அலுவலகப் படிவங்களின் பின்புறம் பயன்பட்டது. ஒவ்வொரு குழந்தையும் சித்திரத்தில் தன் பெயரை எழுத வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். மனிதர்களை எண்ணிக்கையாக மாற்றிய இடத்தில் பெயரை எழுதுதல் சிறிய செயலன்று.

1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டு அங்கே கொல்லப்பட்டார். புறப்படுமுன், ஏறத்தாழ 4,500 சித்திரங்கள் இரண்டு பெட்டிகளில் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. யுத்தம் முடிந்தபின் அவை மீட்கப்பட்டு, இன்று பிராக் நகரத்து யூதப் பொருட்காட்சி சாலையில் பாதுகாக்கப்படுகின்றன. வரைந்த குழந்தைகளில் பெரும்பாலோர் உயிர் பிழைக்கவில்லை. அச்சித்திரங்களைக் காண்போர் அவற்றில் சிறைக்காவலரையும் ரொட்டிக்காக நிற்கும் வரிசையையும் மட்டுமல்லாது, பூங்கா, வண்ணத்துப்பூச்சி, உணவு மேஜை, சன்னல் வழியே தெரியும் மலை ஆகியவற்றையும் காண்கின்றனர். துன்பத்தை வரையுமாறு அவர் குழந்தைகளைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒளியையும் நிழலையும் வடிவையும் கூர்ந்து நோக்கக் கற்பித்தார். எதை வரைவது என்பதைப் பெரும்பாலும் குழந்தையின் விருப்பத்துக்கு விட்டார்.

எடித் கிரேமரோ 1938-இல் தப்பி நியூயார்க் சென்றடைந்தார். தாமே ஒரு குடியேறியவராக அந்நகரில் வாழ்ந்து, இடர்ப்பட்ட சிறுவர்களுக்கான பள்ளியொன்றில் பணியாற்றி, 1958-இல் குழந்தைகளுக்கான கலைச் சிகிச்சையைப் பற்றித் தம் முதல் நூலை வெளியிட்டார். பிராக் நகரத்து அகதிக் குழந்தைகளின் வகுப்பறையில் அவர் கண்ட முறை, இவ்வாறு ஒரு துறையின் அடித்தளங்களுள் ஒன்றாயிற்று.

சித்திரம் எவ்வாறு துணை புரிகிறது?

சித்திரம் சொல்லுக்கு மாற்று என்று பலர் கருதுகின்றனர். பரிசோதனைகள் காட்டுவது இதனினும் சற்று வேறானது. சித்திரம் சொல்லுக்கு வழிகாட்டி என்பதே அது. நியூசிலாந்தில் கிராஸ், ஹெய்ன் என்னும் இரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. 3 முதல் 6 வயது வரையிலான குழந்தைகளிடம், அவர்கள் மகிழ்ந்த, பயந்த, வருந்திய நிகழ்ச்சிகளைப் பற்றி வினவினர். ஒரு பகுதியினரை வாயால் மட்டும் சொல்லச் செய்தனர். மற்றவரை வரைந்துகொண்டே சொல்லச் செய்தனர். வரைந்துகொண்டு சொன்ன குழந்தைகள் இரு மடங்குக்கு மேற்பட்ட செய்திகளைத் தெரிவித்தனர்.

இதற்குரிய காரணங்களை நாம் எளிதில் உணரலாம். வரையும்போது குழந்தையின் கண் காகிதத்தில் நிற்கிறது. வினவுபவரின் முகத்தை நோக்க வேண்டிய சங்கடம் இல்லை. கை இயங்குவதால் இடையிடையே மௌனம் இயல்பாக அமைகிறது. வரைந்த உருவம் ஒன்று அடுத்ததை நினைவூட்டுகிறது. கதவை வரைந்த குழந்தைக்குக் கதவருகே நின்ற பாட்டியின் நினைவு வருகிறது.

வரைதல் உடலிலும் மாறுதலை உண்டாக்குகிறது. அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் 2016-இல் வெளியான ஆய்வில், 39 வயதுவந்தோர் 45 நிமிஷ நேரம் களிமண், வண்ணப் பேனா, ஒட்டுச் சித்திரம் ஆகியவற்றில் ஈடுபட்டனர். உடலின் இறுக்கத்தைக் காட்டும் கார்டிசோல் என்னும் ஹார்மோன், அவர்களில் நான்கில் மூன்று பங்கினரின் உமிழ்நீரில் குறைந்திருந்தது. கலையில் முன்பயிற்சி உடையோர்க்கும் இல்லாதோர்க்கும் இதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும், அவ்வாய்வில் கலையில் ஈடுபடாத ஒப்பீட்டுக் குழு இல்லை என்பதையும் வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

மாண்ட்ரியால் பள்ளிகளில் நடந்த முயற்சி

கனடாவின் மாண்ட்ரியால் நகரப் பள்ளிகளில் பல நாடுகளிலிருந்து வந்த குழந்தைகள் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழந்தை மனநோய் மருத்துவர் செசில் ரூசோ அம்மையாரும் அவர்தம் குழுவினரும் இவர்களுக்கெனப் படைப்புக்கலைப் பயிற்சி ஒன்றை வகுத்தனர். நோயுற்ற குழந்தைகளைத் தனியே பிரித்துச் சிகிச்சை தராமல், முழு வகுப்பையும் ஈடுபடுத்தியது அதன் சிறப்பு. எக்குழந்தையும் நோயாளி என்ற பெயரைச் சுமக்க வேண்டியதில்லை.

பயிற்சியின் ஒரு பகுதியில் குழந்தைகள் கற்பனைப் பாத்திரம் ஒன்றைத் தேர்ந்து கொள்கின்றனர். அது மனிதனாகவோ, மிருகமாகவோ, வேறெதுவாகவோ இருக்கலாம். அப்பாத்திரம் சொந்த ஊரில் வாழ்ந்த வாழ்வு, மேற்கொண்ட பிரயாணம், புதிய இடத்துக்கு வந்து சேர்தல், வருங்காலம் ஆகிய நான்கு கட்டங்களையும் அவர்கள் வரைந்து கதையாகச் சொல்கின்றனர். மற்றொரு பகுதியில் பல நாட்டுப் பழங்கதைகள் இடம் பெறுகின்றன. குழந்தைகள் தம் வீட்டுப் பெரியோரிடமும் கதைகளைக் கேட்டு வருகின்றனர். இதனால் வீட்டிலுள்ள தாய்க்கும் பாட்டிக்கும் பள்ளியில் ஓர் இடம் கிடைக்கிறது. புதிய மொழி தெரியாததால் ஒதுங்கியிருந்தவர்கள், கதை தெரிந்தவர்கள் என்ற மதிப்பைப் பெறுகின்றனர்.

இம்முயற்சியின் பலன் 2005-இல் வெளியிடப்பட்டது. இரண்டு ஆரம்பப் பள்ளிகளில், 7 முதல் 13 வயது வரையிலான 138 குழந்தைகள் இதில் பங்கு பெற்றனர். 12 வாரப் பயிற்சி பெற்ற வகுப்புகள், பெறாத வகுப்புகளுடன் ஒப்பிடப்பட்டன. பயிற்சி பெற்ற குழந்தைகளிடம் அச்சம், சோர்வு போன்ற உள்முகக் குறிகளும், சண்டை, கோபம் போன்ற வெளிமுகக் குறிகளும் குறைந்திருந்ததாக அவர்களே தெரிவித்தனர். தம்மைப் பற்றிய மதிப்பும் உயர்ந்திருந்தது. அம்முறையில் முக்கியமான நுட்பம் ஒன்று உண்டு. குழந்தை தன் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. பறவையின் கதையைச் சொன்னாற் போதும். தன் கதையைப் பறவையின் கதையில் எவ்வளவு சேர்ப்பது என்பதை அக்குழந்தையே முடிவு செய்கிறது.

ஊசியும் நூலும்

பெண்களைப் பொறுத்தவரை, தூரிகையை விட ஊசி பழக்கமான கருவியாகும். லாவோஸ் நாட்டு மலைவாழ் மக்களான மொங் இனத்தாரின் வரலாறு இதற்குச் சிறந்த உதாரணம். அவர்தம் பெண்கள் நெடுங்காலமாக ஆடைகளில் நுண்ணிய வடிவக்கோலங்களைத் தைத்து வந்தனர். 1975-இல் நாட்டில் ஆட்சி மாறியபின், பல்லாயிரக்கணக்கான மொங் மக்கள் மேகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களை அடைந்தனர். அம்முகாம்களில், குறிப்பாக பான் வினாய் முகாமில், கதைத்துணி என்னும் புதிய கலைவடிவம் தோன்றியது. மலைக்கிராமம், பயிர், கோழி, பன்றி, பின்னர் விமானம், சிப்பாய், ஆற்றைக் கடத்தல், முகாம் ஆகியவை வண்ண நூலில் உருவங்களாயின. ஆடவர் பலர் உருவங்களை வரைந்து கொடுக்க, பெண்கள் அவற்றைத் தைத்தனர். அமெரிக்காவில் கலிபோர்னியா, மின்னசோட்டா, விஸ்கான்சின் ஆகிய ராஜ்யங்களில் குடியேறிய உறவினர் வாயிலாக இத்துணிகள் விற்பனையாயின.

கதைத்துணியை எவரும் சிகிச்சை என்று பெயரிட்டுத் தொடங்கவில்லை. வருமானத்துக்காகவே பெரும்பாலும் தைத்தனர். எனினும், எழுத்தறியாத தாய் ஒருத்தி அமெரிக்காவில் பிறந்த பேரக்குழந்தைக்குத் தன் வாழ்வைக் காட்டும் ஏடாக அது பயன்பட்டது. பெண்களுக்கான கலைச் சிகிச்சை பற்றி இதிலிருந்து மூன்று பாடங்களைக் கற்கலாம். முதலாவது, அந்நியமான கருவியைத் திணிப்பதை விடப் பழகிய கைவேலையிலிருந்து தொடங்குவது மேல். இரண்டாவது, பலர் கூடி அமர்ந்து வேலை செய்வதே பாதி மருந்து; தனிமை குறைகிறது. மூன்றாவது, கைப்பொருள் கிடைக்கும் வேலைக்கு வருவதில் பெண்ணுக்கு வெட்கம் இல்லை. மனநோய்க்கு வைத்தியம் என்றால் வீட்டார் அனுப்ப மாட்டார்கள்.

ஆயினும், விற்பனையும் சிகிச்சையும் ஒன்றையொன்று கெடுக்கவும் கூடும். வாங்குவோர் விரும்பும் வண்ணத்தையும் காட்சியையும் மட்டும் தைக்கத் தொடங்கினால், துணி தைப்பவளின் கதையாக இராது. ஆகவே, விற்பதற்கான வேலையையும் தனக்கான வேலையையும் வெவ்வேறு நேரங்களில் வைத்துக் கொள்வது நலம்.

ஒரு வகுப்பை நடத்தும் முறை

முகாமிலோ பள்ளியிலோ பணிபுரியும் தொண்டர்களுக்குப் பயன்படும் பொருட்டு, நடைமுறையைச் சுருக்கமாகக் கூறுவோம். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் இல்லாத இடத்தில் நடப்பதைச் சிகிச்சை என்று அழைத்தல் பொருந்தாது. ஆறுதல் தரும் கலைவகுப்பு என்று அழைப்பதே நேர்மை. ஆயினும், விதிகள் இரண்டுக்கும் பொதுவானவையே.

இடமும் நேரமும் மாறாதிருக்க வேண்டும். வாழ்வில் யாவும் நிலைகுலைந்த குழந்தைக்கு, ஒவ்வொரு வியாழக்கிழமையும் அதே அறையில், அதே பாயில், அதே வண்ணப்பெட்டி காத்திருக்கும் என்பதே பெரும் நம்பிக்கை. குழுவில் எட்டுப் பேருக்கு மிகாதிருத்தல் நன்று. ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் போதுமானது. அறையின் கதவு எல்லோர் கண்ணிலும் படுமாறு அமர்த்துதல் வேண்டும்; கதவை நோக்கி முதுகு காட்டி அமர அஞ்சுவோர் பலர்.

பொருள்களைத் தேர்வதிலும் ஒரு முறை உண்டு. பென்சிலும் கிரேயானும் வரைபவரின் கட்டுக்குள் நிற்பவை. நீர்வண்ணமும் ஈரக்களிமண்ணும் கட்டு மீறிப் பரவுபவை. அவை உணர்ச்சியையும் விரைவில் கிளறி விடும். காகின், லூஸ்பிரிங்க் என்னும் இரு அறிஞர்கள் 1978-இல் இவ்வேறுபாட்டை ஒழுங்குபடுத்தி விளக்கினர். எனவே, அச்சம் மிகுந்தோர்க்குத் தொடக்கத்தில் பென்சில், வெட்டி ஒட்டும் படங்கள், துணித்துண்டுகள் போன்றவற்றைக் கொடுத்து, பழகியபின் மற்றவற்றைக் கொடுப்பது முறை.

தலைப்பு பொதுவாக இருக்கட்டும். ஒரு மரம், ஒரு பாலம், பாதுகாப்பான இடம், பிடித்த உணவு முதலியன ஏற்றவை. யுத்தத்தை வரை, வீடு எரிந்ததை வரை என்று சொல்லலாகாது. வரைந்து முடித்தபின், இது என்ன என்று குறுக்கு விசாரணை செய்யாமல், இதைப் பற்றி ஏதேனும் சொல்ல விருப்பமா என்று கேட்க வேண்டும். இல்லை என்ற விடையும் முழு விடையே. இறுதிப் பத்து நிமிஷத்தில் தூரிகைகளைக் கழுவுதல், பாயைச் சுருட்டுதல் போன்ற சாதாரண வேலைகளில் அனைவரையும் ஈடுபடுத்தி, மனத்தை நடப்புலகுக்குக் கொண்டு வந்தபின் அனுப்புதல் வேண்டும்.

தாய்மார் வகுப்பில் கைக்குழந்தைகளைப் பார்த்துக் கொள்ள ஒருவர் தேவை. மொழிபெயர்ப்புக்கு வயது வந்த பெண் ஒருவரை அமர்த்த வேண்டும். கணவரையோ, பிள்ளையையோ மொழிபெயர்ப்பாளராகக் கொண்டால், சொல்ல வேண்டியது சொல்லப்படாமலே போய்விடும்.

தவிர்க்க வேண்டியவை

முதலாவது, சித்திரத்தைக் கொண்டு மனத்தைப் படிக்க முற்படுதல். கறுப்பு வண்ணம் சோகம், பெரிய கை கோபம், கண்ணில்லா முகம் அச்சம் என்றவாறு பட்டியலிடும் வழக்கம் உண்டு. அமெரிக்காவில் கேரன் மாக்கோவர் 1949-இல் மனித உருவச் சித்திரங்களைக் கொண்டு குணத்தை அறியும் முறையை வெளியிட்டார். ஸ்வென்சன் என்பவர் 1957-இல் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அத்தகைய பொருள்கோளுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று காட்டினார். கறுப்புக் கிரேயான் மட்டுமே பெட்டியில் மிஞ்சியிருந்ததால் குழந்தை கறுப்பில் வரைந்திருக்கலாம். மேலும், வண்ணங்களுக்கு நாட்டுக்கு நாடு பொருள் வேறு. வெண்மை ஓரிடத்தில் மணமகளின் நிறம், மற்றோரிடத்தில் துக்கத்தின் நிறம்.

இரண்டாவது, ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்கச் செய்தல். பெருந்துயர் நேர்ந்தவர்களை உடனே உட்கார வைத்து நடந்ததை விவரிக்கச் செய்யும் ஒரே அமர்வுச் சிகிச்சையைப் பற்றி 2002-இல் காக்ரேன் தொகுப்பாய்வு வெளியாயிற்று. அம்முறை பிற்கால மனநோயைத் தடுக்கவில்லை என்றும், சிலருக்குத் தீங்கு செய்யவும் கூடும் என்றும் அது தெரிவித்தது. ஒரு நாள் மட்டும் வண்ணப்பெட்டியுடன் முகாமுக்கு வந்து, குழந்தைகளின் புண்ணைத் திறந்து, புகைப்படம் எடுத்துக் கொண்டு சென்றுவிடும் விருந்தினர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

மூன்றாவது, சித்திரத்தின் உரிமையை மறத்தல். சூடான் நாட்டின் தார்பூர் பகுதியிலிருந்து கிழக்குச் சாட் நாட்டு முகாம்களை அடைந்த குழந்தைகள் வரைந்த 500 சித்திரங்கள், 2007-இல் ஒரு மனித உரிமைச் சங்கத்தால் சேகரிக்கப்பட்டு, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் பார்வைக்கு வைக்கப்பட்டன. நீதிக்காகச் சான்று சேகரித்தல் தக்க பணியே. ஆயினும், சான்றுக்காக வரைவது வேறு. ஆறுதலுக்காக வரைவது வேறு. ஆறுதலுக்கென்று சொல்லி வரையச் செய்த சித்திரத்தை, வரைந்தவரின் சம்மதமின்றிக் கண்காட்சிக்கோ நிதி திரட்டும் அறிக்கைக்கோ பயன்படுத்தலாகாது. சித்திரம் வரைந்தவருக்கே சொந்தம். அதைக் கிழித்துப் போடும் உரிமையும் அவருக்கு உண்டு.

பலனின் அளவு

கலைச் சிகிச்சையை ஆதரிப்போர் சில வேளைகளில் அதன் பலனை மிகைப்படுத்துகின்றனர். விஞ்ஞான நோக்கில் இது பொருந்தாது. அகதிப் பெண்கள், குழந்தைகள் பற்றிய ஆய்வுகளில் பல, சிறு எண்ணிக்கையினரைக் கொண்டு குறுகிய காலத்துக்கு நடத்தப்பட்டவை. பிரிட்டனில் ஸ்கிஸோஃப்ரினியா என்னும் கடும் மனநோயாளிகள் 417 பேரைக் கொண்டு நடத்திய பெரிய பரிசோதனையின் முடிவு 2012-இல் வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சையுடன் குழுக் கலைச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு அதனால் தனிப்பட்ட நன்மை ஏதும் புலப்படவில்லை. அமர்வுகளுக்கு ஒழுங்காக வந்தோரும் குறைவே. ஒரு நோய்க்கு உதவாத முறை மற்றொன்றுக்கு உதவலாம் என்பது மெய்யே. எனினும், எல்லாத் துயருக்கும் இதுவே மருந்து என்னும் எண்ணத்துக்கு இம்முடிவு தடை போடுகிறது.

ஆகவே, உறக்கமின்மை பல வாரங்கள் நீடித்தல், நடந்த கொடுமை கண்முன் மீண்டும் மீண்டும் தோன்றல், உணவை மறுத்தல், உயிரை மாய்த்துக் கொள்ளும் பேச்சு ஆகிய குறிகள் தென்பட்டால், சித்திர வகுப்புடன் நின்றுவிடாமல் மனநோய் மருத்துவரிடம் அனுப்புதல் இன்றியமையாதது. நம் நாட்டில் 2022-இல் தொடங்கப்பட்ட டெலிமானஸ் என்னும் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் எவரும் கட்டணமின்றி அழைக்கலாம். குழந்தைக்குக் கொடுமை நேர்வதாகத் தெரிய வந்தால் 1098 என்னும் எண் உதவும்.

நம் நாட்டுக்குரிய சிந்தனைகள்

இந்தியா பெருந்தொகையான அகதிகளைக் கண்ட நாடு. 1947-இல் தேசப் பிரிவினையின் போது ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் எல்லையைக் கடந்தனர். அக்காலத்தில் கலைச் சிகிச்சை என்ற சொல் இங்கு வழங்கவில்லை. ஆயினும், கமலாதேவி சட்டோபாத்யாய அம்மையாரைப் போன்றோர், அகதிகளின் மறுவாழ்வுக்குக் கைத்தொழில்கள் ஆற்றக்கூடிய பணியை நன்குணர்ந்து கூட்டுறவு முறையில் செயற்பட்டனர். 1959-இல் திபெத்திய அகதிகள் டார்ஜிலிங்கில் தொடங்கிய சுயஉதவி நிலையத்தில் கம்பள நெசவு முக்கிய இடம் பெற்றது. இலங்கையில் மட்டக்களப்பு நகரில் 1996-இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்கா, யுத்தத்தால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் குழந்தைகளை ஒருங்கே கூட்டி, சித்திரம், களிமண் வேலை, கதை, நாடகம் ஆகியவற்றில் ஈடுபடுத்தியது.

நாட்டெல்லையைக் கடவாமலே மொழியெல்லையைக் கடப்போரும் நம்மிடையே பலர். 2011-ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கின்படி, முன்பிருந்த இடத்தை விட்டு இடம் மாறியோர் 45 கோடிக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். அருகிலுள்ள ஊருக்கு மணமாகிச் சென்றோரே இவர்களில் அதிகம் எனினும், தொலைதூர ராஜ்யங்களுக்குக் கட்டட வேலைக்கும் செங்கற்சூளைக்கும் குழந்தைகளுடன் செல்வோரும் உளர். இத்தகைய கட்டடத் தொழிலாளரின் குழந்தைகளுக்கென 1969-இல் மீரா மகாதேவன் அம்மையார் டில்லியில் தொடங்கிய நடமாடும் குழந்தைக் காப்பகங்கள் ஒரு நல்ல முன்மாதிரி. ஒடியாவோ, இந்தியோ, வங்காளியோ பேசும் குழந்தை தமிழ் வகுப்பறையில் முதல் நாள் அமரும்போது, ஆசிரியர் பாடப்புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஒரு காகிதத்தையும் பென்சிலையும் கொடுக்கலாம். இதற்குத் தனி நிதி தேவையில்லை.

முடிவுரை

கலைச் சிகிச்சை இழந்த வீட்டைத் திரும்பத் தராது. அகதிக்குக் குடியுரிமையோ, தாய்க்கு வேலையோ தராது. அவற்றைத் தர வேண்டியவர்கள் தம் கடமையைச் செய்யாவிடில், எத்தனை வண்ணப்பெட்டிகள் வழங்கினும் பயன் சிறிதே. உண்ண உணவும், அச்சமில்லா உறைவிடமும், பள்ளியும் அமைந்த பின்னரே சித்திரம் தன் வேலையைச் செய்ய இயலும். அவ்வாறு அமைந்த இடத்தில், அது செய்யும் உதவி அளவானது, ஆனால் மெய்யானது. சொல்ல மொழியில்லாதவருக்குச் சொல்லும் வழி ஒன்றைத் தருகிறது. சொல்ல விரும்பாதவரின் மௌனத்தையும் மதிக்கிறது. இவ்விரண்டையும் ஒருங்கே மனத்திற் கொண்டு நடத்தும் தொண்டர், எளிய பொருள்களைக் கொண்டே நற்பணி ஆற்ற முடியும்.